அன்ரனிப்பிள்ளை கடையின் மூன்றாவது டோர்ச்

பாலாவி
12.08.2024

மபாஸாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் சுகம். எலுவன்குளத்தில் உங்கள் போன் எடுபடுவதே இல்லை, அதனால் பஸ் கொண்டக்டரை நம்பி எழுதுகிறேன். நெல் ஆலையைத் திருத்தப் போனவர் கராஜில் இருந்த, சுடர் வீசும் ஒரே கேஸ் டோர்ச்சையும் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்களே! உப்பு லொறிகளின் போல்ட்டெல்லாம் துருவேறி இறுகிக் கிடக்கின்றன. சூடு காட்டாமல் ஒன்றும் அசையாது. இரண்டு லொறி காத்து நிற்கின்றன. இன்னும் தாமதித்தால் சந்தியில் திறந்திருக்கும் புதுக் கராஜுக்குப் போய்விடுவார்கள். பிறகு நம் பக்கம் யார் திரும்புவார்கள்?

சிலாபத்தில் அன்ரனிப்பிள்ளையின் பழைய சாமான் கடையில் மூன்று டோர்ச் இருக்கின்றன. ஒன்று என் கை நீளம், ஒன்று சின்ன டின்னில் பூட்டுவது, மூன்றாவது நடுத்தரம். எதை எடுக்கலாம்? நீங்கள் கராஜை ஒப்படைத்துவிட்டுப் போன முத்தலிபுக்காகத்தான் கேட்கிறேன்.

உங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
ஷிம்லா


எலுவன்குளம்
13.08.2024

ஷிம்லாவுக்கு ஸலாம்.

உன் கடிதம் வந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. நீளமானது கூரைக்குத் தார் உருக்குகிறவர்களுடையது. கராஜுக்குள் மூட்டினால் சுவரும் சேர்ந்து கருகும். சின்னதில் ஒரு பெயாரிங் சூடாகும் முன்பே டின் காலியாகிவிடும். வாய் அகலமாக இருந்தால் நடுத்தரம்தான் சரி.

ஆனால் கடற்கரைச் சாமானை மினுக்கத்தைப் பார்த்து நம்பாதே. தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்து வைத்திருப்பார்கள், உள்ளே உப்புத் தின்றிருக்கும். நம்முடைய ஹோஸையே கொண்டுபோய்ப் பூட்டிப் பார்க்க வேண்டும். மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவினால் கசிகிற இடம் குமிழி விடும். வால்வை மூடியதும் சுடர் சட்டென்று அணைய வேண்டும்.

இதையெல்லாம் முத்தலிபு பார்த்துக்கொள்ளட்டும். "பொம்புளை கராஜில நிண்டா லொறிக்காரன் ஆயிரம் கதை கதைப்பான்" என்று நான் புறப்படும்போது சொன்னதை மறந்துவிடாதே.

ஸப்ராஸ்


பாலாவி
16.08.2024

மபாஸாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நடுத்தரத்தை எடுத்தாயிற்று. அன்ரனிப்பிள்ளை தன் ஹோஸில் மூட்டிக் காட்டி, "பாருங்கோ, நீலமா எரியுது" என்றார். நம் ஹோஸைப் பூட்டி நுரை தடவியதும் கழுத்தடியில் குமிழி குமிழியாக வந்தது. மனிதர் முகம் கறுத்துப்போய் வாஷரை மாற்றிக் கொடுத்தார். இப்போது ஒரு குமிழி இல்லை. மூடினால் சுடர் உடனே அணைகிறது.

ஒரே ஒரு தொல்லை. இடது கையில் பிடித்தால் வால்வு பெருவிரலுக்கு எட்டாத பக்கம் இருக்கிறது. மற்றக் கையைக் குறுக்கே கொண்டுபோய்த்தான் திருக வேண்டும், மணிக்கட்டில் அனல் அடிக்கிறது. இதை மாற்ற வழி உண்டா?

"வாப்பா எப்ப வாறார்?" என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நானும்தான்.

ஷிம்லா


எலுவன்குளம்
17.08.2024

ஷிம்லா,

முத்தலிபு வலக்கைக்காரன். நம் வீட்டில் இடக்கை ஒன்றுதான். சோற்றுக்கு மட்டும் வலது கையைப் பழக்கிக்கொண்டு, ஊசிக்கும் அகப்பைக்கும் இடது கையை நீட்டுகிறவளை எனக்குத் தெரியாதா?

முத்தலிபு எங்கே? எத்தனை நாளாக நீ லொறிக்கு அடியில் கிடக்கிறாய்? எனக்கு வந்தது கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. இன்று கழற்றிய போல்ட்டையே திரும்பவும் பூட்டி, திரும்பவும் கழற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் வந்துவிடுவேன். அதுவரை கராஜைப் பூட்டி வை. அந்த டோர்ச்சை மூட்டாதே.

ஸப்ராஸ்


பாலாவி
19.08.2024

மபாஸாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் போன கிழமையே முத்தலிபு கத்தாருக்கு விசா வந்ததென்று போய்விட்டான். சொன்னால் கராஜை மூடச் சொல்வீர்கள், அதனால் சொல்லவில்லை. மூட்டாதே என்று நீங்கள் எழுதுமுன்பே மூட்டியும் விட்டேன். மணிக்கட்டில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான்.

கதைக்கிறவர்கள் கதைக்கத்தான் செய்தார்கள். முதல் லொறிக்காரர் என்னைக் கண்டதும், "ஆம்புளை ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டார். போல்ட் கழன்ற பிறகு, "வீட்டில நிக்கிற என்ட மத்த லொறியையும் கொண்டு வாறன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வாருங்கள், பாரை மீன் வாங்கி ஆக்கி வைக்கிறேன். ஆனால் கராஜைப் பூட்டத்தான் வருவதென்றால் வரவேண்டாம். அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் எழுதுகிறேன்.

வால்வைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஷிம்லா


எலுவன்குளம்
21.08.2024

ஷிம்லாவுக்கு ஸலாம்.

கழுத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு நட் இருக்கிறது. சிலிண்டரை மூடி, ஹோஸில் மிச்சம் உள்ளதை எரித்துத் தீர்த்து, நன்றாக ஆறவிட்டு அதைத் தளர்த்து. வாயை அரை வட்டம் திருப்பிப் பூட்டு. பிறகு கைப்பிடியைப் புரட்டிப் பிடித்தால் வால்வு உன் பெருவிரலுக்கு வந்துவிடும். திரும்பவும் நுரை தடவிப் பார்க்காமல் மூட்டாதே.

வெள்ளி வரை பொறுக்க முடியாமல் நேற்றே பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். "விடு, நான் பிடிக்கிறன்" என்று உன் கையிலிருந்து வாங்கிவிடுவேன். அதற்குப் பிறகு நீ அதைத் தொடமாட்டாய். ஆகையால் இந்த வெள்ளி நான் வரவில்லை. மீனைப் பிள்ளைக்குக் கொடு.

கை பழகியதும் எழுது, வருகிறேன்.

அலுமாரியின் கீழ்த்தட்டில், நெருப்பு வேலைக்கு நான் போடும் கண்ணாடி இருக்கிறது. உனக்குப் பெரிதாக இருக்கும், பின்பட்டியை இழுத்து இறுக்கிக்கொள்.

ஸப்ராஸ்