மேலே உன் பெயர், கீழே என் பெயர்

டேய்,

உன் லேப்டாப்பைத் திறந்ததும் தும்மல் வந்தது. சுக்கு. மட்டாஞ்சேரியில் சுக்குக் குடோனுக்கு மேல்மாடியில் குடியிருந்தவனின் லேப்டாப் வேறு எப்படி மணக்கும்? "நீயே வச்சுக்கோ மோனே, எனக்கு இதைத் திறக்கவே தெரியாது" என்று உன் அம்மா கொடுத்தார். அதன் விசிறி சுற்றும்போதெல்லாம் உன் வீடு என் அறைக்குள் வந்துவிடுகிறது.

உன்மேல் எனக்குப் பொறாமை. எலிக்காய்ச்சலில் நீ போன பிறகும் அது இறங்கவில்லை. பள்ளுருத்தியிலிருந்துகூட ஆட்டோ பிடித்து வந்து உனக்காக அழுதார்கள். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

வகுப்பே ரீல்ஸ் போட்டுக்கொண்டிருந்தபோது, நாம் மட்டும், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தின் டிரைவர் நிரல்களில் வார்னிங் தேடிக்கொண்டிருந்தோம். கணினியின் சொந்த நினைவக முகவரியும், அதில் செருகிய சாதனத்தின் நினைவக முகவரியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதைக் கொடுத்தால் சோதனைக் கருவி கத்தும். அதன் வாயை அடைப்பதில் நான் மன்னன். 'எல்லாம் சரியான வகைதான், நம்பு' என்று நடுவில் ஒரு காஸ்ட் போட்டால் போதும், வார்னிங் காலி.

"முடிஞ்சுது! வா, சாயா குடிக்கலாம்" என்றேன்.

நீ திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "எடா, நம்ம சந்துல ரெண்டு வீட்டு நம்பர் பலகையை மாத்தி வச்சது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"மட்டன் பிரியாணி சைவ மாமி வீட்டுக்குப் போச்சுல்ல? இங்கயும் அதையேதான் பண்ணியிருக்க. வார்னிங்கோட வாயைப் பொத்தாத. எந்த வீட்டு அட்ரஸ்னு எழுதி வை."

லினக்ஸைப் பராமரிப்பவர்களுக்கு இருவரும் ஆளுக்கொரு திருத்தம் அனுப்பினோம். 'இது மறைப்பு, திருத்தமல்ல' என்று என்னுடையது திரும்பி வந்தது. உன்னுடையதைச் சேர்த்துக்கொண்டார்கள். நீ பெருமையடித்திருந்தால் கலாய்த்தாவது ஆறியிருப்பேன். நீயோ எனக்குப் பரோட்டா வாங்கித் தந்தாய். ஜெயித்தவன் வாங்கித் தரும் பரோட்டா மென்று தீராதுடா.

இப்போது உன் லேப்டாப்பில், அனுப்பாத திருத்தம் ஒன்று கிடக்கிறது. சுத்தமான வேலை. அடியில் உன் ஒப்பமும் இருக்கிறது. பெயரை மாற்றுவது எனக்குப் பலகையை மாற்றுவதைவிடச் சுலபம். கர்சரை உன் பெயர்மேல் வைத்துக்கொண்டு, சாயா ஆறி ஆடை படியும்வரை உட்கார்ந்திருந்தேன். மாற்றவில்லை. பிரியாணி மறுபடியும் தப்பான வீட்டுக்குப் போக வேண்டாம். எழுதியவன் பெயர் மேலே, கொண்டுவந்து சேர்ப்பவன் பெயர் கீழே. லினக்ஸில் அதுதான் முறை. அப்படியே அனுப்பினேன்.

பதில் வந்தது. உன் பெயர் சொல்லி நன்றி. 'நல்ல வேலை. அடுத்ததையும் அனுப்புவீர்களா?' எனக்கு அந்த மெயிலின் வெறும் நகல். செத்தும் என்னை முந்துகிறாய், பார்.

'அவன் இப்போது இல்லை. அடுத்ததை நான் அனுப்புகிறேன்' என்று எழுதினேன். அந்த முதல் வாக்கியத்தை டைப் அடிக்கத்தான் நேரமானது.

அடுத்த கோப்பில் உட்கார்ந்திருக்கிறேன். கை பழக்கத்தில் காஸ்ட் போடப் போகிறது. விசிறி சுற்றுகிறது, தும்முகிறேன், அழித்துவிட்டு எந்த வீட்டு முகவரி என்று எழுதுகிறேன். இதை ஏற்றுக்கொண்டால் மேலே என் பெயர். பரோட்டா வாங்கித் தருவது இனி என் முறை. அதை மென்று தீராமல் நீ திணறுவதைப் பார்க்கத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.