டேக் கிழிக்காத பிளேசர்

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்பு மகள் ஷாலினிக்கு அம்மா சண்முகவடிவு எழுதுதது. இங்க நான், அப்பா, உன் தம்பி தமிழ்செல்வன் எல்லாரும் சுகமா இருக்கோம். அங்க அயர்லாந்து குளிர்ல நீ இருமல் காய்ச்சல் இல்லாம, ஆஸ்பத்திரி டூட்டிக்கு நேரத்துக்குச் சாப்பிட்டுப் போகணும்னு விளக்கு ஏத்தும்போதெல்லாம் கேட்டுக்கிடுதேன். நேத்துதானே வீடியோவுல பேசினோம், இப்ப என்ன லெட்டர்னு பயந்துராத, யாருக்கும் ஒண்ணும் இல்ல. போன்ல பேசினா அப்பா பக்கத்துல இருக்காவ, நம்ம வீடு உனக்குத் தெரியும்லா, அடுப்படியில முணுமுணுத்தா வாசல்ல கேக்கும். வாய்ஸ் மெசேஜ் போடலாம்னு பாத்தேன், பேசிட்டு என் குரல நானே கேட்டேன், கேக்கச் சகிக்கல, அழிச்சுட்டேன். அதான் எழுதுதேன். நீ தமிழ் படிச்சு நாளாச்சு, பெருசு பெருசா எழுதியிருக்கேன், எழுத்துக்கூட்டி மெதுவாப் படி.

தம்பி நிச்சயதார்த்தத்துல அப்பா பிளேசர் போட்டு நின்ன போட்டோவ நீ ஸ்டேட்டஸ்ல வச்சிருந்த. அப்பா ஆபீசர் மாதிரி இருக்காவன்னு உன்கூட வேலை பாக்குத பிள்ளைங்க எல்லாம் சொன்னாங்கன்னு நேத்து அவ்வளவு சந்தோசமாச் சொன்ன. இம்புட்டு நல்ல பிளேசர் நம்ம ஊர்ல சல்லிசாக் கிடைக்குதா, எந்தக் கடை, அடுத்த தடவ வரும்போது ரெண்டு எடுக்கணும்னு கேட்ட. நான் சிரிச்சு மழுப்பிட்டு வேற பேச்சு பேசினேன். அப்பா எந்திரிச்சு வெளிய போனாவ, நீ கவனிச்சியோ என்னவோ. அந்தப் பிளேசர் கதையத்தான் சொல்லப் போறேன். உன் முகத்தப் பாத்து இதச் சொல்ல எனக்கு முகம் இல்ல.

நம்ம வீட்டுக்கு மருமகளா வரப்போற ஸ்மிதா வீட்டுக்காரங்க எவ்வளவு நல்லவங்கன்னு உனக்குத் தெரியும். அவங்க மராட்டி, நாம திருநெல்வேலி, அவங்க தாணேயில பெரிய பில்டிங், நாம தாராவி, ஆனா ஒரு நாளும் அத அவங்க பேச்சுல காட்டினதில்ல. அவங்க பக்கம் ஆம்பளைங்க எல்லாம் பிளேசர் போடுதாங்க, அப்பாவும் போட்டா போட்டோ நல்லா இருக்கும்னு தமிழ்செல்வன்தான் வந்து சொன்னான். நீ வாங்கி அனுப்புதேன்னு சொன்ன, அப்பா வேண்டாம்னுட்டாவ, எனக்கு ஒரு கோட்டு வாங்கத் தெரியாதான்னு கேட்டாவ. சரின்னு நாங்க ரெண்டு பேரும் தேடக் கிளம்பினோம். குர்லா மார்க்கெட்ல குவிச்சு வச்சிருந்தான், விலை கையக் கடிக்கல, ஆனா துணி சல்லடை மாதிரி, தோள்பட்டையில வச்சிருந்த பஞ்சு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கிக் கிடந்துச்சு, அப்பாவுக்குப் போட்டுப் பாத்தா ஹேங்கர எடுக்காமப் போட்ட மாதிரி இருந்துச்சு. செம்பூர்ல வாடகைக்குக் குடுக்குற கடை ஒண்ணு இருக்குன்னாங்க, அங்க போனோம், அங்க உள்ளது பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, மூக்குக் கிட்ட கொண்டு போனா வேற எவனோ ஒருத்தன் வேர்வை நாத்தம், கூடவே சென்ட் வாசனை, அப்பா கழட்டிக் குடுத்துட்டு வந்துட்டாவ. நம்ம லைன்ல தையக்கடை வச்சிருக்காரே காலித் பாய், அவரு அப்பாவக் கூப்பிட்டு, எக்ஸ்போர்ட் துணி நல்லது ஒரு துண்டு இருக்கு, தேதிக்குள்ள தச்சுத் தாரேன், கூலி உங்களுக்குப் பாத்து வாங்கிக்கிடுதேன்னாரு. அப்பா சரிங்கதுக்கு வாயத் தொறந்தாவ. நான்தான் குறுக்க விழுந்து, தாணேக்காரங்க தையலப் பாத்தே தெரு டெய்லர்னு கண்டுபிடிச்சிருவாங்கன்னு சொன்னேன். தமிழ்லதான் சொன்னேன், ஆனா அந்த மனுசன் நம்ம லைன்ல எத்தன வருசமா இருக்காரு, அவருக்குத் தமிழ் தெரியாதா. குனிஞ்சு மெஷின மிதிக்க ஆரம்பிச்சுட்டாரு. இப்ப அந்தக் கடை வழியாப் போகாம சுத்திப் போறேன்.

கடைசியில குர்லா மாலுக்குப் போனோம். அங்க ஒரு நீலக் கலர் பிளேசர், தொட்டாலே தெரியும், அப்படி ஒரு துணி. அப்பா போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னால நின்னாவ. ஷாலினி, கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல உங்க அப்பா கண்ணாடிய அப்படிப் பாத்து நான் பாத்ததில்ல. பட்டறைக்குப் போற மனுசன், எண்ணெய்க் கறை இல்லாத சட்டையே ரெண்டோ மூணோ. நிமுந்து நின்னு, பட்டனப் போட்டு, எப்படி இருக்குன்னு என்கிட்ட கேட்டாவ. பெறவு விலையப் பாத்தாவ, பாத்துட்டு மெதுவாக் கழட்ட ஆரம்பிச்சாவ. விலை என்னன்னு நீ கேக்காத, நான் சொல்ல மாட்டேன், நீ உடனே அனுப்புதேன்னு நிப்ப. அப்பத்தான் அந்தக் கடைப் பையன் பழக்கத்துக்குச் சொல்லுத மாதிரி சொன்னான், பிடிக்கலன்னா ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் குடுக்கலாம், டேக் மட்டும் கிழியாம இருக்கணும்னு. எனக்கு அந்தப் புத்தி அப்ப வந்துச்சு. அப்பா காதுல சொன்னேன், வாங்குவோம், டேக்கக் கிழிக்காமப் போட்டுட்டு மறுநாள் கொண்டாந்து குடுத்துருவோம்னு. அப்பா என்னைய ஒரு மாதிரி பாத்து, ஏட்டி அது களவுல்லான்னு சொன்னாவ. களவு என்ன களவு, துணி தேஞ்சா போயிரும், ஒரு சாயங்காலம் போடுததுதானே, பையன் மானம் முக்கியமா உங்க நியாயம் முக்கியமான்னு கேட்டேன். கடைப் பையன் பக்கத்துலயே நிக்கான், அப்பா மேல பேச முடியாம வாங்கிட்டாவ.

நிச்சயதார்த்தத்தன்னைக்கு நான்தான் அந்த டேக்க கோட்டோட இடது கைக்குள்ள மடிச்சு, புண்ணுக்கு ஒட்டுற பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன். கோட்டுல ஒண்ணும் படாமப் பாத்துக்கோங்க, வேர்க்காமப் பாத்துக்கோங்க, பாக்கெட்டத் தச்சு மூடியிருக்கான், அந்தத் தையலப் பிரிக்காதீங்கன்னு சயான் ஸ்டேஷன்ல இருந்து தாணே போய்ச் சேருத வரைக்கும் சொல்லிக்கிட்டே போனேன். அவங்க பில்டிங் கீழயே ஹாலு, பூ எல்லாம் கட்டி அவ்வளவு அழகா வச்சிருந்தாங்க. வாசல்லயே ஸ்மிதாவோட அப்பா ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு வந்தாரு, அவரு நெத்தியில ஈரக் குங்குமம். அப்பா சட்டுன்னு ஒரு எட்டு பின்னால போய் கும்பிட்டாவ. விரிச்ச கை அப்படியே நின்னுச்சு. பெறவு பொம்பளைங்க வந்து ஆரத்தி எடுத்துத் திலகம் வைக்க வந்தாங்க, அரிசியும் குங்குமமும் கோட்டுல விழுமேன்னு தலையப் பின்னால இழுத்துக்கிட்டாவ. பூரண்போளி வச்சாங்க, நெய் சொட்டும்னு தொடல. பேடா குடுத்து பாக்கெட்ல வச்சுக்கோங்கன்னாங்க, பாக்கெட் தையல் பிரிக்காம இருக்கு, எங்க வைக்க, வேண்டாம்னுட்டாவ. ஸ்மிதா சேலை கட்டிக்கிட்டு வந்து கால்ல விழுந்துச்சு, கையெல்லாம் மஞ்சள், எந்திரிக்கும்போது கோட்டுல பட்டுருமேன்னு அப்பா தள்ளி நின்னு, இடது கைய மடக்காம, வலது கைய மட்டும் தூரத்துல தூக்கி ஆசீர்வாதம்னாவ. எனக்கு அப்ப ஒண்ணும் தப்பாத் தெரியல ஷாலினி, கோட்டுல கறை படலன்னு நிம்மதியாத்தான் இருந்துச்சு. என் கண்ணு பூராவும் அந்தக் கோட்டு மேலதான் இருந்துச்சு. அந்தப் பிள்ள முகம் சுருங்குனத நான் பாக்கல.

கொஞ்ச நேரத்துல ஸ்மிதாவோட அம்மா வந்தனா என் கையப் பிடிச்சு ஓரமாக் கூட்டிட்டுப் போய் இந்தியில கேட்டா, அண்ணனுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலையா, நாங்க வேற சாதி வேற பாஷைன்னு மனசுல இருந்தா இப்பவே சொல்லிருங்க, என் மக உள்ள உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கான்னா. அந்த எடத்துலயாவது உண்மையச் சொல்லியிருக்கணும். நான் அவருக்கு முதுகு வலின்னுட்டேன். அந்தப் பொம்பள முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். அய்யோ முதல்லயே சொல்லக் கூடாதான்னு வந்த விருந்தாளிகளை எல்லாம் அப்படியே விட்டுட்டு, லிப்ட் வேலை செய்யல, பட்டுச் சேலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மாடி ஏறிப் போய் வெந்நீர்ப் பையும் தைலமும் எடுத்துட்டு மூச்சு வாங்க ஓடி வந்தா. பையை என் கையில குடுத்துட்டு, பக்கத்து ரூம்ல அப்பாவ உக்கார வச்சு, கோட்டக் கழட்டுங்க, தேச்சு விடச் சொல்லுதேன்னா. அப்பா ஒண்ணும் புரியாம என்னையப் பாத்தாவ. ஸ்மிதாவோட அப்பா பாசமா கோட்டோட ஒரு கையப் பிடிச்சு உருவினாரு. பிளாஸ்டர் பிஞ்சு, அந்த டேக்கு விலையோட வெளிய வந்து தொங்குச்சு. ஸ்மிதாவும் தமிழ்செல்வனும் வாசப்படியில நின்னாங்க.

அப்பாதான் எந்திரிச்சு நின்னு, தெரிஞ்ச இந்தியில சொன்னாவ. எனக்கு வலி ஒண்ணும் இல்ல, இந்தக் கோட்ட நாளைக்குக் கடையில திருப்பிக் குடுக்கலாம்னு இருந்தேன், அழுக்காயிரக் கூடாதுன்னுதான் தள்ளித் தள்ளி நின்னேன், பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, யோசனை என்னோடது, என் புத்திதான் கெட்டுப் போச்சு, மன்னிச்சுருங்கன்னாவ. சொல்லிட்டு டேக்க அப்படியே வாயில வச்சுப் பல்லால கடிச்சு அறுத்தாவ. யோசனை என்னோடதுன்னாவ ஷாலினி. நான் வெந்நீர்ப் பையப் பிடிச்சுக்கிட்டு அங்கதான் நிக்கேன். இல்ல, நான்தான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். என் மகனுக்கு மாமியாராப் போறவங்க முன்னால உங்க அப்பா தலைகுனிஞ்சு நிக்க, நான் சும்மா நின்னேன். ஸ்மிதாதான் அழுகையும் சிரிப்புமா வந்து, அப்போ என் மேல கோபம் இல்லையே அப்பான்னு கேட்டுச்சு. அப்பா, இல்ல தாயின்னு ரெண்டு கையையும் அது தலையில வச்சாவ. அதுக்குப் பெறவு எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு, நீ பாத்த போட்டோ அப்ப எடுத்ததுதான். ஆனா திரும்பி வரும்போது தமிழ்செல்வன் டிரெயின்ல எங்க கூட உக்காரல, கதவுப் பக்கம் போய் நின்னுக்கிட்டான்.

வீட்டுக்கு வந்து அப்பா என்னைய ஏசுவாவன்னு காத்துக்கிட்டே இருந்தேன். ஏசல. ஒரு வார்த்தை குத்திக் காட்டல. பிளேசர ஆணியில மாட்டி மேல பழைய வேட்டியப் போத்தி வச்சுட்டு மறுநாள் பட்டறைக்குப் போயிட்டாவ, கோட்டுக்குப் போன காச ஈடுகட்ட இப்ப ஓவர்டைம் பாக்காவ. ஏசியிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு பேசி மறந்திருப்பேன். வேலைக்குப் போற மனுசனுக்குச் சோத்து டப்பா கட்டிக் குடுக்கும்போது கை கூசுது. பொறுக்க மாட்டாம வியாழக்கிழமை யார்கிட்டயும் சொல்லாம தாணேக்குப் போனேன். வந்தனா கதவத் தொறந்து ஆச்சரியமாப் பாத்தா. உக்காருததுக்கு முன்னாலயே சொல்லிட்டேன், யோசனை என்னோடது, அவரு களவுன்னு சொன்னாரு, நான்தான் கேக்கல, முதுகு வலின்னு சொன்னதும் நான்தான்னு. அவ பரவாயில்லன்னு சொல்லிருவான்னு நெனச்சுத்தான் போனேன், பொய் சொல்லக் கூடாது. அவ சொல்லல. கையப் பாத்துக்கிட்டே சொன்னா, கோட்டுக்காக நான் வருத்தப்படல, எங்க வீட்லயும் அன்னைக்கு இரவல் நகை போட்டவங்க உண்டு, ஆனா வலின்னு நீங்க சொன்னதும் ஓடினேனே, அந்த ஓட்டத்த நெனச்சாத்தான் இன்னும் மனசுக்குக் கஷ்டமா இருக்குன்னா. நியாயமான பேச்சு. பெறவு உள்ள போய் அவல் கிண்டிக் கொண்டாந்து வச்சா, இனிமே எதுன்னாலும் எங்கிட்ட நேராச் சொல்லிருங்கன்னா. கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சாப்பிட்டேன்.

ஸ்மிதா ஆபீஸ் முடிஞ்சு வந்துச்சு, அதுகிட்டயும் சொன்னேன். அந்தப் பிள்ள கோபப்படல. அப்பா உங்களுக்காகவா பழிய ஏத்துக்கிட்டாருன்னு கேட்டுட்டு, ஸ்டேஷன் வரைக்கும் கூடவே நடந்து வந்துச்சு. வழியில, உங்க மகனும் எனக்காக அப்படிச் செய்வாரான்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியல தாயி, செய்யுத மாதிரி ஒரு நெலமைக்கு அவன நீ கொண்டு போயிராதன்னேன். வீட்டுக்கு வந்தா அப்பா எனக்கு முன்னால வந்திருந்தாவ. எங்க போயிருந்தன்னு கேட்டாவ. தாணேக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டு வந்தேன்னேன். என்னைய நிமுந்து பாத்தாவ. பெறவு, சாப்பிட்டியா, இல்ல வெறும் வயித்தோட வந்தியான்னு கேட்டாவ. அவ்வளவுதான் கேட்டாவ.

கல்யாணம் தை மாசம், அதுல மாத்தமில்ல, லீவுக்கு இப்பவே எழுதிக் குடு. பணம் எதுவும் அனுப்பாத, அனுப்பினா அப்பா மனசு நோகும். கால்ல சாக்ஸ் இல்லாமத் தரையில நடக்காத, காலையில வெறும் காப்பியோட ஓடாத. சுடலைமாட சாமி துணையா நீ நல்லா இருக்கணும், உன் கையால பிழைச்ச நோயாளிகளோட புண்ணியம் உன்னையச் சுத்தி நிக்கணும். மறக்காம ஸ்மிதாவுக்கு ஒரு போன் போடு. நிச்சயதார்த்தத்தன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவ சொந்தக்காரங்க யாரும் எப்பவாவது உன்கிட்ட கேட்டா, அப்பாவச் சொல்லாத, எங்க அம்மாதான்னு சொல்லு.

உன் அம்மா,
சண்முகவடிவு வானமாமலை