டேசன் மாம்பழம்

கோபக்கார மச்சானுக்கு, ஸலாம்.

போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், கடிதத்தையாவது பிரிப்பீர்களே. சம்பந்தி வீட்டார் முன்னால் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். "உங்க பூட்டனார் போட்ட பாதையில ஏன் ஒரு ரயிலும் ஓடல?" என்றதற்கு, பையைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதா?

பதில் தேடி நேற்று கூமாப்பட்டிக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உங்கள் கான்ட்ராக்டர் பூட்டனார் போட்டுக்கொண்டே வந்த மண்மேடு இன்னும் கிடக்கிறது, குட்டி ரயிலுக்கு ஏற்ற ஒல்லி மேடு. நேராக வந்து, ஸ்டேஷன் வரவிருந்த இடத்தில் ஒரு மாமரத்தின் முன்னால் நின்றுவிடுகிறது. மரத்தடியில் பழம் விற்றவளிடம் காரணம் கேட்டேன்.

"இத வெட்ட மனசில்லாம கான்ட்ராக்டரய்யா வேலையவே நிறுத்திட்டாவளாம். டேசன் மாம்பழம், எம்புட்டு வேணும்?" என்றாள்.

அங்கேயே நின்று மூன்று தின்றேன். நானாயிருந்தாலும் வெட்டியிருக்க மாட்டேன், மச்சான்.

ஒரு பெட்டி வாங்கி வந்திருக்கிறேன். ருசி பார்க்க இதோடு ஒரே ஒரு பழம் அனுப்புகிறேன். மீதிக்கு நீங்கள்தான் வர வேண்டும். பூட்டனாரைப் போலப் பாதியில் நின்றுவிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் வீடு வரைக்கும் மாமரமே கிடையாது, பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடிப் பெண்டாட்டி