காகிதத்தின் மேல் வைத்த எலும்பு

ஆகஸ்ட் 6, 2018, திங்கள்

காலையிலிருந்து மணற்காற்று. சன்னல்களை அடைத்தும் மேசையெல்லாம் புழுதி. ஓய்வு பெற்று ஆறு ஆண்டாகியும் அருங்காட்சியகத்தில் கூப்பிட்டால் போய்விடுகிறேன். பழைய பதிவேடு என் கையெழுத்து. வேறு யாருக்கும் புரியவில்லை என்கிறார்கள். புரியும். மரியாதைக்குச் சொல்கிறார்கள்.

தலைநகர் லிமாவிலிருந்து டாக்டர் நெலிதா பாச்சாஸ் வந்திருக்கிறார். 1988இல் ஒகுகாஹே பாலைவனத்தில் தோண்டிய 41ஆம் பெட்டியைக் கேட்டார். ‘திமிங்கலம், முழுமையற்றது’ என்று நான் எழுதியிருந்தேன். பாறையைச் சுரண்டி உள்ளே இருந்ததை எடுத்துவிட்டார். இடுப்பு, தொடை எலும்பு, கணைக்கால் எலும்பு. திமிங்கலத்துக்கு!

“இது நடந்திருக்குய்யா. கரையில வந்து படுத்திருக்கும், பசிச்சா கடல்ல இறங்கியிருக்கும்,” என்றார்.

இருபத்துநாலு ஆண்டு அந்தப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 7

பெட்டியில் கணுக்காலில் இருக்கும் கணு எலும்பை மட்டும் காணவில்லை. மாடு, ஆடு, பன்றி, லாமா, இவற்றின் கணு எலும்பு இரண்டு முனையிலும் கப்பி போலப் பள்ளம் விழுந்திருக்கும். நாய்க்கும் குதிரைக்கும் ஒரு முனையில்தான். திமிங்கலம் மாட்டினத்துக்கு உறவு என்று மரபணுக்களை ஒப்பிட்டவர்கள் சொன்னார்கள். பிறகு வேறு நாட்டுப் பாறைகளில் கால் உள்ள திமிங்கலங்கள் கிடைத்தன. கணுவில் இரட்டைக் கப்பி இருந்தது. கருவில் இருக்கும் ஓங்கில் என்னும் டால்பினுக்கு இன்றும் பின்னங்கால் மொட்டு அரும்பி மறைகிறதாம். ஒருவரையொருவர் அறியாத சாட்சிகள் ஒரே வாக்குமூலம் தருவது போல.

“நம்ம விலங்கு வேற மாதிரி சொன்னா?” என்று கேட்டேன்.

“அதையும் எழுதுவேன்யா. அதுக்குத்தானே தேடுறோம்.”

இந்தப் பரிணாமக் கொள்கையில் எனக்குப் பிடித்ததே அதுதான். என்ன கிடைக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, நான் சொல்வது தவறென்றால் தோண்டிக் காட்டு என்கிறது. நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

“பதிவேட்டுல கணு எலும்பு ஏதாவது இருக்காய்யா?”

“பதிவேட்டில் இல்லை, டாக்டர்.”

உண்மைதான். உண்மையா?

ஆகஸ்ட் 8

இந்தப் பக்கம் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கும் பொருளைப் பற்றி இதுவரை இங்கே ஒரு வரிகூட எழுதியதில்லை.

ஆகஸ்ட் 9

எழுதிவிடுகிறேன்.

1988, தோண்டும் முகாம். சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்கள் எலும்பெறிந்து விளையாடுவார்கள். மாட்டின் கணு எலும்பு. எந்தப் பக்கம் மேலே விழுகிறது என்பதில் வெற்றி, தோல்வி. தோற்றவன் பாத்திரம் கழுவ வேண்டும். இங்கே பிறந்த எவனுக்கும் அந்த எலும்பைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே தெரியும். எனக்கும் தெரியும். வினையே அதுதான்.

திமிங்கலச் சாக்கைப் பிரித்தபோது உள்ளே ஒன்று கிடந்தது. தோண்டும் ஆட்களில் ஒருவனான மசெதோனியோ கட்டிய சாக்கு. விளையாட்டுச் சாமானை மாதிரிகளோடு கலந்துவிட்டான் என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். அவன் தன் பையைத் திறந்து காட்டினான்.

“என் எலும்பு இதோ இருக்கு பாருங்கய்யா. அது மண்ணுல இருந்துதான் வந்துச்சு.”

உன்னிடம் இரண்டு இருந்திருக்கும் என்றேன். அடுத்த பருவம் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த பருவமும்.

எலும்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், காகிதத்தின் மேல் வைக்க. நல்ல கனமாக இருந்தது என்பதற்காகவே எடுத்தேன். ஏன் கனமாக இருக்கிறது என்று கேட்கவில்லை. என்ன படிச்சேன் நான்?

ஆகஸ்ட் 10

கசாப்புக் கடையில் மூன்று மாட்டுக் கணு எலும்புகள் வாங்கி, அவித்து, அடுப்பின் மேல் உலர்த்தி எடை போட்டேன். 71, 68, 74 கிராம். என்னுடையது அளவில் அவற்றைவிடச் சற்றுச் சிறியது, எடையோ 139. மூன்று முறை போட்டேன். கல்லாகிவிட்ட எலும்பு.

டாக்டர் 14ஆம் தேதி புறப்படுகிறார்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

டாக்டரிடம் போகும் முன் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. மசெதோனியோ வாசலில் பயறு உரித்துக்கொண்டிருந்தான். நான் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவன் கை நிற்கவில்லை.

“அப்போ, திமிங்கலத்தோட கால வச்சு நான் ஆட்டம் போட்டேன்னு எழுதிக் குடுத்தீங்க.”

“ஆமாம்.”

“நல்லா எழுதுனீங்க, ஒனோரியோ அய்யா. அந்த வருஷம் பூரா பருத்திக் காட்டுல குனிஞ்சு கெடந்தேன். இன்னும் நிமிரல.”

மன்னிப்புக் கேட்டேன். அவன் எலும்பை வாங்கி உள்ளங்கையில் உருட்டினான்.

“ஒரு தடவ எறிஞ்சு பாக்கவா?”

“வேண்டாம், மசெதோனியோ.”

“பயந்தாங்கொள்ளி,” என்று சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். “நாளைக்கு நானும் வரேன். தனியாப் போனா நீங்க பாதி வழியில திரும்பிருவீங்க.”

ஆகஸ்ட் 13

டாக்டர் திட்டவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது.

“முப்பது வருஷம் பெட்டிக்கு வெளிய இருந்திருக்கு. உங்க வார்த்தைய வச்சு நான் எழுத முடியாதுய்யா. எலும்புதான் சொல்லணும்.”

கணைக்கால் எலும்பின் கீழ்முனையில் பாறை ஒட்டியிருந்த இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தார். அங்கே ஒரு சில்லு, வேறு எலும்பினுடையது, ஒட்டிக்கொண்டிருந்தது. என் எலும்பின் விளிம்பில் ஒரு மூலை உடைந்திருக்கும். தினமும் கட்டைவிரலால் தடவிய இடம். இரண்டையும் சேர்த்தார். உடைவோடு உடைவு பொருந்தியது, ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல்.

இரு முனையிலும் கப்பி.

பிறகு மசெதோனியோ, “மண்ணுல இருந்துதான் வந்துச்சுன்னு சொன்னேன்ல,” என்றான்.

எவ்வளவு பெரிய கொள்கை. நாலு கோடி ஆண்டுக்கு முந்திய கடலைப் பற்றிச் சொல்கிறது. என்னைப் போன்ற ஒருவனின் பிழையையும் தாங்கிக்கொள்கிறது. என்னை நம்ப வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. அதில் எனக்கு என்ன நிம்மதி.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

பதிவேட்டில் 41ஆம் பெட்டிக்குக் கீழே புதிய வரி எழுதினேன். கணு எலும்பு, இடது. கண்டெடுத்தவர்: மசெதோனியோ உச்சுயா, 1988. தவறாக நீக்கியவர் என்று என் பெயர்.

மதியம் மசெதோனியோ வந்தான். தன் பழைய எறியெலும்பை மேசைமேல் வைத்துவிட்டு, “இது மாட்டோடது. எழுதி வச்சுக்குங்க,” என்று சொல்லிப் போனான்.

இப்போது காகிதத்தின் மேல் அதுதான் இருக்கிறது. கனம் போதவில்லை. காற்று ஓரத்தைத் தூக்குகிறது. இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.