ரயிலடித் தெரு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே வடக்கே ஒரு கூத்து நடந்தது. எங்கள் பாக்டரி கேன்டீன் சமையல்காரர் தமிழர்தான். தன் ஊர்க்காரர்களுக்கு மட்டும் சாம்பாரைச் சட்டியின் அடியிலிருந்து கெட்டியாக அள்ளிப் போடுவார், மற்றவர்களுக்கு மேல்தண்ணீர். போன வாரம் என்னிடம், "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். நீங்கள் கொடி காட்டிய ஸ்டேஷன்களையும் நாம் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ்களையும் சொன்னேன்.

"குவார்ட்டர்ஸ்ல இருந்ததெல்லாம் ஊராப்பா? சொந்த ஊரைச் சொல்லு."

ஆசை யாரை விட்டது? அவர் ஊரையே என் ஊர் என்று சொல்லிவிட்டேன்.

"அடடே, நம்மூரா! எந்தத் தெரு?"

எனக்குத் தெரிந்த தெரு ஒன்றுதானே. "ரயிலடித் தெரு."

"எங்க ஊருக்கு ரயிலே கிடையாதேப்பா!"

கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். இப்போது எல்லோருக்கும் நான் "ரயிலடி".

தாத்தாவும் ரயில்வேதான். அவருக்கு முன்னால் நமக்கு எந்த ஊர் என்று உங்களுக்காவது தெரியுமா? தெரிந்தால் எழுதுங்கள், ஒரு தெருப் பெயரும் சேர்த்து. குளிர் தாங்கவில்லை, அம்மாவின் பழைய போர்வை ஒன்றையும் அனுப்புங்கள்.

ஷிப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது. சொல்ல மறந்துவிட்டேன், எனக்கு லீவு கிடைத்துவிட்டது. நான் வருவதற்குள் நீங்கள் ரிட்டயராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்திருப்பீர்கள். எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கட்டும், அப்பா?

உங்கள் மகன்