வெற்றிலை வாக்கை நம்பி மதில் சோதித்தவர் பொருட்டு விடுத்த ஓலை

மங்கலம் சேர்க. மழை பருவம் தப்பாது பெய்க. மாற்றார் வாள் உறையிலேயே துருவேறுக. ஏழு குன்றும் இரண்டு ஆறும் ஒரு குடைக்கீழ் ஆளும் நீலமதில் நாட்டு மன்னர் கோப்பெருவேள் ஆணைப்படி, அவர்தம் தலைமை அமைச்சர் ஆரூரன் கண்டியார் எழுதி, கருங்கல் எல்லைக்கோட்டை நாயகர், புலிமுகப் பட்டம் பூண்ட வேட்டன் சேந்தனார்க்கு விடுத்த ஓலை. நாயகரும், நாயகர்தம் சேனையும், குதிரைகளும், கோட்டைக் கிணற்று நீரும் குறைவின்றி விளங்குக. இங்கு அரசர் நலம், பட்டத்தரசியார் நலம், அரண்மனையும் நலம் என்றே எழுதுவது மரபாதலால் அவ்வாறே எழுதப்பட்டது.

இவ்வோலையொடு, இரு வீரர் காவலில், நக்கன் பூதனார் என்பவர் அவ்விடம் வந்து சேர்வார். பதினாறு ஆண்டு தலைநகரின் மதில் சோதகராக இருந்தவர். இன்று பதவி பறிக்கப்பட்டு, வைக்கோற்போர் காக்கும் வேலைக்கு அனுப்பப்படுகிறார். குற்றவாளியைப் பெறுபவர் குற்றத்தையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டு முறை. ஆகவே நடந்தது நடந்தவாறே சொல்லப்படுகிறது.

மதில் சோதகர் தொழில் யாதெனில், பகைவன் செய்யக்கூடியதை அவனுக்கு முன்னே செய்து பார்ப்பது. வாயில்தோறும் மும்முறை தட்டுவார். தோள் கொடுத்துத் தள்ளுவார். திறந்தாலும் உள்ளே கால் வையார். இளகிய கதவின்மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போவார். கள்வன் வேலைக்கும் இவ்வேலைக்கும் வேறுபாடு ஒன்றே. கையில் அனுமதி ஓலை இருப்பது. இதைப் பூதனார் நன்கு அறிவார். அதனால்தான் ஐப்பசிச் சோதனைக்கு முன் கோட்டைக் காவலதிகாரி மழவராயரிடம் சென்று, முத்திரை ஓலை வேண்டுமென்று முறைப்படி கேட்டார்.

மழவராயர் ஓலை எழுதவில்லை. தம் தட்டிலிருந்து வெற்றிலை மடித்து நீட்டினார். மேலோர் கையால் பெற்ற வெற்றிலை வாக்குக்குச் சமம் என்பதும், அதை வாங்கியபின் ஓலை கேட்பவன் கொடுத்தவர் நாவை ஐயுறுகிறான் என்பதும் இந்நகர வழக்கு. இத்தனை காலம் பழகிய பின்னும் நமக்குள் முத்திரை எதற்கு என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவ்வறையில் மூன்றாமவர் ஒருவரும் இருந்தார். பூதனார் தயங்கி அம்மூன்றாமவர் முகம் பார்த்தார். வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் தலையசைத்தார். பூதனார் வாங்கினார், வழக்கப்படி அங்கேயே வாயிலிட்டார். தமக்கிருந்த ஒரே ஆதாரத்தை மென்று விழுங்கிவிட்டு, அம்மனிதர் கும்பிட்டு விடைபெற்றார்.

மறுநாள் நண்பகலில் நாற்பத்தோரு கதவுகள் சோதிக்கப்பட்டன. ஒன்பது இளகின. எட்டோடு நின்றிருந்தால் ஒருகால் எல்லோரும் சிரித்து மறந்திருப்பர். ஒன்பதாவது, யானைக் கொட்டிலுக்குப் பின்னுள்ள சிறுவாயில். மழவராயரின் மைத்துனர் பொறுப்பிலுள்ளது. அங்கே தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் கரும்புத் துண்டு ஒன்று செருகியிருந்தது. காவலர் இருவரும் உண்ணப் போயிருந்தனர். பூதனார் ஆள் பார்த்துக் கோடு போடத் தெரியாதவர். அதற்கும் ஒரு கோடு இழுத்தார்.

பொழுது சாயுமுன் ஊர் முழுதும் கோடு பார்க்கத் திரண்டது. தயிர் விற்க வந்தவர்கள்கூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கரும்புத் தாழ்ப்பாளைப் பார்த்துச் சிரித்தார்கள். உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பார்கள். மழவராயர்க்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. கோடுகளை அழிக்க ஆள் ஏவினார். அடுத்த நாள் சபையில், மதில் சோதகர் அனுமதியின்றி வாயில்களின் வலிமையை அளந்தார் என்றும், அளந்தது எந்தப் பகைவனுக்காக என்பதை அரசரே விசாரித்தருள வேண்டும் என்றும் முறையிட்டார்.

ஓலை எங்கே என்று அரசர் வினவினார். வெற்றிலையால் வாக்குப் பெற்றதாகப் பூதனார் விண்ணப்பித்தார். மழவராயர் அப்போது சொன்னதை மட்டும் சொன்னவாறே எழுதவேண்டியிருக்கிறது.

“நாளும் நூறு பேருக்கு வெற்றிலை கொடுக்கிறேன், பெருமானே. மற்றவர்களெல்லாம் கதவைத் தள்ளவில்லையே.”

சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின், வேறு எவரேனும் அங்கிருந்தனரா என்று கேட்டருளினார். பூதனார் யார் பெயரையும் சொல்லவில்லை. அவர் தாமே எழுந்து சொல்லட்டும் என்று அந்த மூன்றாமவர் பக்கம் திரும்பி நின்றார். அவரோ தம் கணையாழியில் ஏதோ கீறல் இருப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மூன்றாமவர் ஆரூரன் கண்டியார். இவ்வோலையை எழுதுகிற தலைமை அமைச்சரே அவர்.

அவர் கோழை என்று நாயகர் எண்ணலாம், எண்ணுவதில் பிழையில்லை. ஆனால் அந்நேரம் அவர் அஞ்சியதாக அவருக்கே தோன்றவில்லை. சபை நடுவே மழவராயரைப் பகைப்பானேன், ஒரு கண்டிப்போடு முடியும், பிறகு அரசரைத் தனியே கண்டு சொல்லிக்கொள்ளலாம் என்றே நினைத்தார். அரசவையில் முப்பது ஆண்டு இருந்தவர்க்கு எல்லாவற்றையும் பிறகு தனியே சொல்லிக்கொள்ளலாம் என்ற புத்திதான் முதலில் வருகிறது. அவர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கையிலேயே தீர்ப்புச் சொல்லப்பட்டது. பூதனார் தலைநகரின் ஒரு காதத்துக்குள் வரலாகாது. எந்தக் கோட்டைக் கதவையும் தொடலாகாது. பூதனார் சோதகர்க்குரிய பித்தளைப் பட்டையைத் தோளிலிருந்து கழற்றிவைத்து வெளியேறினார்.

அன்று மாலையே அமைச்சர் அரசரின் தனியறைக்குச் சென்று உண்மை உரைக்க வாய் திறந்தார். அரசர் கையமர்த்தினார். சபையில் வாய்மூடி இருந்தவரின் சாட்சி அறையில் செல்லாது என்பது நாட்டின் சட்டம் என்று நினைவூட்டினார். அச்சட்டத்தைப் பதினோர் ஆண்டுகளுக்கு முன் தம் கையால் எழுதியவரும் இதே அமைச்சர்தாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அச்சோற்றை இனி அவர் வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும். வெட்கமாக இருக்கிறது, நாயகரே. வேறு சொல் கிடைக்கவில்லை.

ஆகவே, எந்தச் சபையிலும் செல்லாத சாட்சி ஒன்று இங்கு எழுதப்படுகிறது. மழவராயர் வெற்றிலை கொடுத்ததையும், மதிலைச் சோதிக்க இசைந்து வாக்களித்ததையும், பூதனார் அதை நம்பி வாங்கியதையும் ஆரூரன் கண்டியார் கண்ணால் கண்டார். நாயகர் இதை வைத்துக்கொள்ளலாம், எரித்தும் விடலாம்.

இனி ஆணை. பூதனாரை வைக்கோற்போர்க் காவலில் அமர்த்துக. தீர்ப்பின்படி கதவெதையும் தொடவிடாது பார்த்துக்கொள்க. வெறும் மனிதரென்று எவரும் அவரை ஏவாதபடியும் பார்த்துக்கொள்க. இவ்வோலையை அவருக்கு முழுதும் படித்துக் காட்டுக. தம் பதவியைப் பற்றியோ, மன்னிப்பைப் பற்றியோ அவர் கேட்கமாட்டார். அந்த ஒன்பது கதவுகளையும் தாழிட்டார்களா என்று ஒன்றே கேட்பார். தாழிட்டால் அவர் சொன்னது மெய்யென்று ஆகிவிடுமாதலால், இன்றுவரை எவரும் தாழிடவில்லை என்று சொல்லுக.

இப்படிக்கு, நீலமதில் நாட்டுத் தலைமை அமைச்சர் முத்திரை. அரசாணை வழுவாது நிறைவேறுக.