அண்ணி சொன்னதும் நான் சொன்னதும்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. பதினோரு வருடமாக விடியுமுன் எழுந்து, ஊருக்கெல்லாம் உற்சாகமாகக் காலை வணக்கம் சொல்லிவிட்டு, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். இருக்கிற உற்சாகமெல்லாம் ரேடியோவிலேயே தீர்ந்துவிடுகிறது போல.

ஏழு பத்துக்கு, இரண்டு பாட்டுக்கு நடுவே, ஒன்றரை நிமிஷம் சொந்த விஷயம் பேச வேண்டும். வீட்டில் நடந்தது, மனசில் பட்டது. என் வீட்டில் என்ன நடக்கிறது? நான் ஒருத்தி. பேச்சுத் துணைக்கு ஃப்ரிட்ஜ். அண்ணியின் போன் மட்டும் இல்லையென்றால் என் பிழைப்பு என்றைக்கோ சந்தி சிரித்திருக்கும்.

அப்பா அண்ணன் வீட்டில் இருக்கிறார். இங்கிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம். அவருக்கு நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. அன்றைக்கு அப்பா செய்ததையெல்லாம் அண்ணி சாயங்காலம் போனில் சொல்வார். மறுநாள் காலையில் அதை நான் ரேடியோவில் சொல்வேன். ஆரம்பத்தில் ‘எங்கள் அண்ணி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சிப் பொறுப்பாளர்தான், “அண்ணின்னா தள்ளிப் போயிடுது மேடம். ‘நான்’னு சொல்லுங்க, கேக்கறவங்களுக்கு மனசுல ஒட்டும்” என்றார். ஒட்டியது. ஒன்றரை வருடமாக எல்லாமே ‘நான்’தான்.

மார்ச் 4, புதன்

அண்ணி போன். அப்பாவைக் குளிப்பாட்டும்போது நிமிர்ந்து பார்த்து, “நீ யாரும்மா?” என்று கேட்டாராம். “உங்க மகதான், தலையைக் குனிங்க” என்றாராம் அண்ணி.

“மருமகள்னா முறைக்கிறாரு. மகள்னா உடனே குனிஞ்சிடறாரு” என்று சிரித்தார். சிரிப்பில் அலுப்பு இருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துக்கொண்டே பேப்பரில் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 5, வியாழன்

அதைச் சொன்னேன். ‘உங்கள் மகள்தான் அப்பா, தலையைக் குனியுங்கள்.’ ஒலி மிக்ஸரை விட்டுக் கண்ணெடுக்காத ஒலிப்பதிவாளர்கூட நிமிர்ந்து பார்த்தார். வாட்ஸ்அப்பில் செய்தி வந்து குவிந்தது. குளிப்பாட்டியது நான்தான் என்று அந்த ஒன்றரை நிமிஷம் நம்பியே விட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

அண்ணி போன் செய்யவில்லை.

மார்ச் 9, திங்கள்

நானே கூப்பிட்டேன்.

“அப்பா எப்படி இருக்காரு அண்ணி?”

“நல்லா இருக்காரு.”

“ஏதாவது சொன்னாரா?”

“ஒண்ணும் இல்ல. அடுப்புல வேலை இருக்கு, வெக்கிறேன்.”

ஒன்றரை வருடத்தில் இப்படி ஒரு நாளும் பேசியதில்லை. நாளைக்கு ஏழு பத்துக்கு என்ன பேசுவது என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது. நான் என்ன ஜென்மமோ.

மார்ச் 13, வெள்ளி

மூன்று நாள் வெயில், டிராஃபிக் என்று உப்புச்சப்பில்லாமல் ஒப்பேற்றினேன். இன்று அப்பாவைப் பற்றி ஒரு பொய்யை இட்டுக்கட்டிச் சொன்னேன். பொறுப்பாளர் ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மார்ச் 14, சனி

அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்.

“மருந்துக்கடையில ஒரு அம்மா உங்க அண்ணிகிட்ட, ‘உங்க நாத்தனார் நிகழ்ச்சியை தினமும் கேக்கறேன். மாமனாரைக் குளிப்பாட்டறதுகூட அவங்கதானாமே, நீங்க குடுத்து வெச்சவங்க’ன்னு சொல்லியிருக்காங்க.”

“அண்ணி என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. மருந்தை வாங்கிட்டு வந்துட்டா.”

எங்கள் ஒலிபரப்பு அங்கே வரைக்கும் கேட்கும் என்று எனக்குத் தெரியாதா? நானே பெருமையடித்திருக்கிறேன். அண்ணி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், அவ்வளவு நாளும். தான் செய்ததையெல்லாம் என் வாயால், என் கணக்கில்.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஒன்றரை வருஷம்டி. ஒரே ஒரு நாள், இது நான் இல்ல, எங்க அண்ணின்னு சொல்லியிருந்தா உனக்கு என்ன கொறைஞ்சு போயிருக்கும்? சொல்லு.

மார்ச் 16, திங்கள்

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். “வா” என்றார் அண்ணி. அப்பாவை நான் குளிப்பாட்டுகிறேன் என்றேன். துண்டை எடுத்துக் கொடுத்தார்.

அப்பா பக்கெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “நீ யாரு?” என்றார்.

“உங்க மகப்பா.”

இல்லை என்று தலையாட்டினார். “என் மக சமையல்கட்டுல இருக்கா. அவளைக் கூப்பிடு.”

கூப்பிட்டேன். அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் சொன்னதும் அப்பா தலையைக் குனிந்தார். நான் சோப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

மார்ச் 18, புதன்

இரண்டு நாளிலேயே இடுப்பு விட்டுப்போச்சு. தினம் இரண்டு தடவை படுக்கையை மாற்ற வேண்டியிருக்கிறது. சாப்பிட வைக்க ஒரு மணி நேரம். இதையெல்லாம் ஒன்றரை நிமிஷத்தில் சொல்லி, மேலே ஒரு பாட்டையும் போட்டவள் நான்.

துணி காயப்போடும்போது சொல்லிவிட்டேன். “தப்பு பண்ணிட்டேன் அண்ணி. உங்க பேரை நான் எடுத்துக்கிட்டேன்.”

அண்ணி ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டார்.

“பேரை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? எனக்குப் பேச வேற ஆள் கெடையாது. உங்கண்ணன் வேலைக்குப் போயிட்டு வந்தா பேசாம படுத்துடுவாரு. சாயங்காலம் உங்கிட்ட சொன்னாதான் அன்னிக்குள்ள பாரம் எறங்கும். இப்ப வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே, இது நாளைக்கு ரேடியோல வருமோன்னு தோணுது. எப்படிச் சொல்றது?”

மீதித் துணியைக் காயப்போட்டேன்.

மார்ச் 23, திங்கள்

ஏழு பத்து. அப்பாவைப் பற்றி இத்தனை நாள் சொன்னதில் நான் செய்தது எதுவும் இல்லை, எல்லாம் என் அண்ணி செய்தது, ஒன்று நானே இட்டுக்கட்டியது, இனி அவர்கள் இருவரையும் பற்றி இங்கே பேசப்போவதில்லை என்றேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மீதி நேரத்துக்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்து ஒலிப்பதிவாளரே அடுத்த பாட்டை ஏற்றினார்.

பொறுப்பாளர் அறைக்குக் கூப்பிட்டார். “இப்ப கேக்கறவங்க ஏமாந்துட்டதா நெனைப்பாங்களே மேடம்.”

“ஏமாத்தத்தான் செஞ்சேன் சார்.”

ஏழு பத்துப் பேச்சை எடுத்துவிட்டார்கள். இனிமேல் பாட்டு, மணி, மறுபடியும் பாட்டு.

ஏப்ரல் 2, வியாழன்

நான்தான் கூப்பிடுகிறேன். “நல்லா இருக்காரு.” அவ்வளவுதான்.

ஏப்ரல் 9, வியாழன்

அதேதான். ஆனால் இன்று, நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

சாயங்காலம் ஆறு மணிக்கு போன் அடித்தது. அண்ணிதான்.

“இப்பல்லாம் வெறும் பாட்டாதான் போகுது?”

“ஆமா அண்ணி.”

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“இன்னிக்கு மாமா என்ன பண்ணாரு தெரியுமா?” என்று ஆரம்பித்தார்.

முக்கால் மணி நேரம் பேசினார். இரண்டு இடத்தில் சிரித்தோம். ஒரு இடத்தில் அழுதார், நான் குறுக்கே பேசவில்லை. அப்பா என்ன செய்தார் என்று இங்கேயும் எழுதப் போவதில்லை.